சிஸ்டத்தில் ‘டெலிவர்டு’, கையில் பார்சல் இல்லை: நூறு ரூபாய்தான் கிடைக்குமா?

கேள்வி: வணக்கம் சார். நான் சின்னாளப்பட்டியில் வீட்டில் இருந்தபடியே வாட்ஸ்அப்பில் சுங்குடிச் சேலை விற்கிறேன். வேலைக்கு ஆள் கிடையாது, பேக்கிங் முதல் கொரியர் ஆபீஸில் கொண்டுபோய்ப் போடுவது வரை எல்லாம் நான்தான். மூன்று வாரத்துக்கு முன் சென்னை மேடவாக்கத்தில் ஒரு அக்காவுக்கு, அவர்கள் வீட்டு விசேஷத்துக்காக எட்டுச் சேலை அனுப்பினேன். சேலை 9,600 ரூபாய், கொரியர் 240 ரூபாய். தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓடும் கொரியர் அது. முதல் இரண்டு நாள் ‘டோர் லாக்டு’ என்று காட்டியது. அந்த அக்காவின் மாமியார் வீட்டை விட்டு நகரவே இல்லை. மூன்றாம் நாள் ‘டெலிவர்டு’ என்று வந்துவிட்டது, வாங்கியவர் ‘செல்ஃப்’. பார்சல் வரவே இல்லை. இங்கே புக்கிங் ஆபீஸில் கேட்டால் சென்னை பிராஞ்சைக் கேளுங்கள் என்கிறார்கள், அங்கே கேட்டால் சிஸ்டத்தில் முடிந்துவிட்டது என்கிறார்கள். கடைசியில் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டி, நிறுவனத்தின் பொறுப்பு நூறு ரூபாய்தான், வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். டெலிவரி பையன் மேல் போலீஸில் புகார் கொடு என்கிறார் என் கணவர். அந்த அக்காவுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? எனக்கு என்ன வழி?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் அந்த நூறு ரூபாயை வாங்காதீர்கள். வாங்கினால் கூடவே ஒரு தாளில் கையெழுத்து கேட்பார்கள், அதில் ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு வரி இருக்கும், அதற்குப் பிறகு நீங்கள் எங்கே போனாலும் அந்த வரியைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். நிறுவனத்தின் பெயரை உங்கள் கடிதத்திலிருந்து நீக்கியிருக்கிறேன். இதே கதை வேறு வேறு பெயர்களோடு எனக்கு நிறைய வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மேடவாக்கத்து அக்காவின் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது அவர் சம்மதித்தால் வேறு சேலை அனுப்புங்கள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தைப் பார்த்தால், விற்பவர் சரக்கைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்த மாதிரி என்று ஒரு பிரிவு இருக்கிறது. யாராவது உங்களிடம் அதைச் சொல்லி, இனி அது அந்த அம்மாவின் நஷ்டம் என்று தைரியம் கொடுக்கலாம். கேட்காதீர்கள். அதே பிரிவு, கொண்டுசெல்பவரோடு விற்பவர் நியாயமான ஒப்பந்தம் போட வேண்டும், போடாவிட்டால் வாங்குபவர் அந்த ஒப்படைப்பையே ஏற்க மறுக்கலாம் என்றும் சொல்கிறது. ரசீதில் மதிப்பு எழுதாமல் விட்டிருந்தால், அதை நியாயமான ஒப்பந்தம் என்று வாதாட என்னால் முடியாது. கொரியரைத் தேர்ந்தெடுத்தவர் நீங்கள், அவருக்கு அந்த நிறுவனத்தோடு எந்தப் பேச்சும் கிடையாது. அதோடு, இந்த வழக்கில் அவர் உங்கள் பக்கம் நிற்பது உங்களுக்கு மிகவும் தேவை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பார்சல் எப்படிப் போகிறது என்பது தெரிந்தால்தான் யாரிடம் எதைக் கேட்பது என்று புரியும். நீங்கள் போய்ப் போட்ட ஆபீஸ் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்த ஆபீஸாக இருக்காது, பிரான்சைஸி எடுத்தவர் நடத்துவது. அவருக்கு புக்கிங்கில் கமிஷன். சாயங்காலம் எல்லாப் பார்சலையும் பையில் கட்டி, சீல் போட்டு, வண்டியில் ஹப்புக்கு அனுப்புவார்கள். அங்கே பிரித்து, இரவோடு இரவாகச் சென்னை ஹப், அங்கிருந்து காலையில் மேடவாக்கம் ஏரியா எடுத்த இன்னொரு பிரான்சைஸி. அவருக்கு ஒரு பார்சலைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் இவ்வளவு என்று கணக்கு, பையனுக்கும் பல இடங்களில் அதே மாதிரிதான், பெட்ரோல் அவன் செலவு. பொழுது சாய்வதற்குள் கையில் இருக்கும் ஒவ்வொரு பார்சலுக்கும் சிஸ்டத்தில் ஏதாவது ஒரு நிலவரம் போட்டே ஆக வேண்டும். போக முடியாத வீட்டுக்குப் போட ‘நேரம் இல்லை’ என்று ஒரு பட்டன் கிடையாது, ‘டோர் லாக்டு’ என்று ஒன்று இருக்கிறது. நான் பார்த்த பல வழக்குகளில் பூட்டிய கதவின் பின்னால் இருந்தது இதுதான். அது தப்பு, ஆனால் அந்தத் தப்பை உண்டாக்குவது மேலே போட்ட கூலிக் கணக்கு.

இரண்டு நாள் ‘டோர் லாக்டு’ போட்ட பார்சல் மூன்றாம் நாள் வீட்டில் ஆள் இருக்கும்போதே ‘டெலிவர்டு’ ஆகிறது என்றால் விஷயம் வேறு. ஒன்று, பக்கத்து வீடு, வாட்ச்மேன், தப்பான பிளாக் என்று எங்கோ கொடுத்திருக்கிறான். இல்லையென்றால், திரும்ப அனுப்ப வேண்டிய கெடு வந்ததால் கணக்கை முடித்துவிட்டார்கள். அதுவும் இல்லையென்றால், ஹப்பிலேயே காணாமல் போனதை யாரோ மூடி மறைத்திருக்கிறார்கள். இதில் எது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, அதை விளக்க வேண்டியது அவர்கள். நீங்கள் கேட்க வேண்டியது டெலிவரி சான்று. தொலைபேசியில் இல்லை, எழுத்தில்.

டெலிவரி ஷீட், அதாவது பார்சல் வாங்கியவர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போடும் தாள், அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள், மொபைலில் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தப் படத்தைக் கேளுங்கள். ஷீட் கையில் வந்ததும் உங்கள் வரியை மட்டும் பார்க்காதீர்கள், மேலே இருக்கும் நான்கு வரியையும் கீழே இருக்கும் நான்கு வரியையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒவ்வொரு பெயரும் ஒரே மாதிரி சுழித்து முடிந்திருந்தால் ஒரே ஆள் உட்கார்ந்து வரிசையாகப் போட்டது கண்ணுக்கே தெரியும். போன் நம்பர் கட்டத்தில் யார் நம்பர் இருக்கிறது, நேரம் என்ன, அந்த நேரத்தில் அக்காவுக்கு ஏதாவது அழைப்பு வந்ததா, ஓடிபி கேட்டார்களா, இதையெல்லாம் அவரிடம் எழுதி வாங்குங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் வாசலில் வருகைப் பதிவேடோ ஆப்போ இருக்கும், கேமரா இருக்கும். கேமரா பதிவு குறிப்பிட்ட நாளில் தானாக அழிந்து புதிது ஏறிவிடும். மூன்று வாரம் ஆகிவிட்டது, அதனால் இன்றைக்கே அந்தக் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள், பதிவு இருந்தால் நகல் எடுத்து வைக்கட்டும். அப்படி எடுக்கிற பதிவோடு, 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். எடுத்துக் கொடுப்பவரிடம் அதற்குக் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சரி, ரசீதுக்கு வருவோம். இரண்டே இரண்டு விஷயம்தான் எனக்கு முக்கியம், அதை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை: புக்கிங் சீட்டில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா, மதிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது?

நூறு ரூபாய் நிபந்தனைக்குப் பின்னால் கொரியர் நிறுவனங்கள் காட்டும் தீர்ப்பு ஒன்று உண்டு. பாரதி நிட்டிங் கம்பெனி என்ற பின்னலாடை நிறுவனம் 1990-இல் ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேரவில்லை. சீசன் முடிந்துவிட்டது என்று வாங்குபவர் விலையைக் குறைத்துவிட்டார். மாநில நுகர்வோர் ஆணையம் நான்கு லட்சத்துக்கு மேல் கொடுக்கச் சொன்னது, தேசிய நுகர்வோர் ஆணையம் அதை ஒப்பந்தத்தில் இருந்த 100 டாலராகக் குறைத்தது, 1996-இல் உச்ச நீதிமன்றம் அந்த 100 டாலரையே உறுதி செய்தது. நிபந்தனை அச்சிட்ட தாளில் கையெழுத்துப் போட்டால் அது உங்களைக் கட்டுப்படுத்தும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் மையம். ஏற்றுமதி செய்கிறவருக்கும் வீட்டில் இருந்து சேலை விற்கிறவருக்கும் ஒரே அளவுகோல் வைப்பது சரியில்லை என்பது என் கருத்து, ஆனாலும் இன்றுவரை எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைப்பது அதைத்தான். ஆகவே கையெழுத்துப் போட்டிருந்தால் உங்கள் பாதை கடினம், மூடியது இல்லை. போடவில்லை என்றால் நிலைமையே வேறு. படிக்க முடியாத பொடி எழுத்தில் பின்பக்கம் அச்சடித்து, விளக்கிச் சொல்லாமல், கையெழுத்தும் வாங்காமல் விட்ட நிபந்தனை வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தாது என்று நுகர்வோர் ஆணையங்கள் பல முறை சொல்லியிருக்கின்றன. நம் ஊர் கொரியர் ஆபீஸ்களில் பெரும்பாலும் ஆபீஸ் ஆளே சீட்டை எழுதிக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார். உங்கள் சீட்டை எடுத்துப் பாருங்கள், அனுப்புநர் கையெழுத்து என்ற இடம் காலியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இன்னொரு சட்டம் இருக்கிறது, அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2011 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. லாரிக்காரர்களுக்கு மட்டும்தான் என்று நினைப்பார்கள், ஆனால் வீடு தேடிப் பொருள் கொண்டுசேர்க்கும் கொரியர் நிறுவனத்தையும் அந்தச் சட்டத்தின் விளக்கம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது, நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆள் வைத்து அனுப்பினாலும். இதில் உங்களுக்கு ஒரு பெரிய பலம்: சரக்கு தொலைந்தால் அவர்களின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. கொடுத்தேன், போய்ச் சேரவில்லை, இவ்வளவு போதும். பழைய 1865-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே விதி இருந்தது, அது நுகர்வோர் ஆணையத்துக்கும் பொருந்தும் என்று படேல் ரோட்வேஸ் – பிர்லா யமஹா வழக்கில் 2000-ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதே சட்டத்தில் உங்களுக்குப் பாதகமானதும் இருக்கிறது. அதிகக் கட்டணம் கொடுத்து முழு மதிப்புக்கும் பொறுப்பேற்க வைக்காவிட்டால், விதிகளின்படி பொறுப்பு கட்டணத்தைப் போலப் பத்து மடங்கு வரைதான், அதுவும் சீட்டில் எழுதிய மதிப்பைத் தாண்டாது. உங்கள் கணக்கில் 240 ரூபாய்க்கு 2,400 ரூபாய். 9,600-க்கு அது ஈடாகாது என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் நூறு ரூபாய் என்று ஒருவர் சொல்லும்போது, உங்கள் தொழிலுக்கான சட்டமே 2,400 என்கிறதே என்று பதில் சொல்ல உங்களிடம் இது இருக்கிறது. மதிப்புக் கட்டத்தில் 500 என்று எழுதியிருந்தால் அந்த வாதமும் நொண்டும்.

அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதோ, கொரியர் ஆபீஸ் ஆள் தன் இஷ்டத்துக்கு ஐந்நூறு என்று போடுவதோதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் கோபம் வரவழைக்கிற விஷயம். அதிகமாக எழுதினால் ஜிஎஸ்டி பிரச்சினை வரும், செக்கிங்கில் பிடிப்பார்கள் என்று பயமுறுத்துவார்கள். தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை இ-வே பில்லே (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) தேவையில்லை. ஒன்பதாயிரத்து அறுநூறு ரூபாய்ச் சேலைக்கு உண்மையான விலையை எழுதி, உங்கள் பில்லின் நகலை உள்ளே வைத்தால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அந்தப் பயமுறுத்தலால் லாபம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

காலக்கெடு ஒன்று இருக்கிறது, கவனமாக வையுங்கள். பார்சல் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி வழக்கே போட முடியாது. வாட்ஸ்அப்பில் சண்டை போட்டதெல்லாம் நோட்டீஸ் என்று நம்பி உட்காராதீர்கள். வெள்ளைத் தாளில், நீங்களே எழுதலாம்: எந்த நாளில், எந்த எண்ணில், என்ன பொருள், என்ன மதிப்பு, சிஸ்டத்தில் எந்த நாளில் என்ன காட்டியது, பெறுநர் என்ன சொல்கிறார், எவ்வளவு வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும். நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, நகல்களைச் சின்னாளப்பட்டி ஆபீஸுக்கும் மேடவாக்கம் ஆபீஸுக்கும் அனுப்புங்கள். மூன்று ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து வரப்போகும் பதிலை இப்போதே சொல்கிறேன்: ‘டெலிவரி செய்தவர் எங்கள் ஊழியர் இல்லை, பிரான்சைஸி தனி நிறுவனம்.’ இது நம் ஊரில் மட்டும் நடக்கும் வாதம் இல்லை. அமெரிக்காவில் டைனமெக்ஸ் என்ற கொரியர் நிறுவனம் 2004-இல் தன் டிரைவர்களை எல்லாம் ஊழியர் நிலையிலிருந்து தனி ஒப்பந்தக்காரர் என்று மாற்றியது. வண்டி, பெட்ரோல், பராமரிப்பு எல்லாம் டிரைவர் தலையில். வழக்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: ஒருவர் தன் ஆள் இல்லை என்று சொல்கிற நிறுவனம்தான் அதை நிரூபிக்க வேண்டும், அதற்கு அவர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாதவராகவும், நிறுவனத்தின் வழக்கமான தொழிலுக்கு வெளியே வேலை செய்பவராகவும், தனக்கென்று சொந்தத் தொழில் உள்ளவராகவும் இருக்க வேண்டும் என்று. அடுத்த ஆண்டே அதை அங்கே சட்டமாகவும் ஆக்கினார்கள். அது சம்பளம் பற்றிய வழக்கு, சட்டமும் வேறு, உங்கள் மனுவில் அது உதவாது. ஆனால் கொரியர் நிறுவனத்தில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவர் வெளியாள் என்று சொன்னால் நம்ப முடியுமா என்கிற அடிப்படைக் கேள்வி ஒன்றுதான். உங்களுக்கு நம் ஒப்பந்தச் சட்டமே போதும்: முகவர் மூலம் போட்ட ஒப்பந்தம் முதலாளியைக் கட்டுப்படுத்தும். சீட்டில் யார் பெயர் அச்சாகியிருக்கிறதோ அவர்தான் முதல் எதிர்மனுதாரர், இரண்டு பிரான்சைஸிகளும் அடுத்தடுத்து.

உங்கள் கணவர் சொல்லும் போலீஸ் புகார் பற்றி. ஒப்படைத்த பொருளைக் கொண்டுசெல்பவரே கையாடினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 316(3) பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை இருக்கிறது. அவ்வளவு பெரிய பிரிவு அது. உங்களிடம் இப்போது இருப்பது ஒரு தப்பான நிலவரம் மட்டுமே, திருட்டுக்கான தடயம் இல்லை. இப்போதே பையன் பெயரைப் போட்டுப் புகார் கொடுத்தால், நிறுவனம் அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டு, குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டோம், இனி அது போலீஸ் வழக்கு என்று உங்களிடமிருந்து கையைக் கழுவிக்கொள்ளும். ஹப்பில் தொலைந்ததற்கு வண்டி ஓட்டியவன் பழி சுமப்பதை நான் பார்த்திருக்கிறேன், அது எனக்கு ஏற்பில்லை. ஷீட்டும் கேமரா பதிவும் வரட்டும். அதில் அவன் பார்சலை எடுத்துக்கொண்டு போனது தெரிந்தால் அப்போது கொடுங்கள், அதுவும் நிறுவனத்தின் பெயரையும் சேர்த்து.

நோட்டீஸுக்கு வழி பிறக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்து பாருங்கள், சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன, காசும் செலவில்லை. ஆணையத்துக்குப் போவதானால் திண்டுக்கல் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கெடு இரண்டு ஆண்டு.

அங்கே உங்களைத் தடுக்க வரும் முதல் வாதம், நீங்கள் வியாபாரி, நுகர்வோர் இல்லை என்பது. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்துச் செய்வது வேறு என்று 1995-இல், கோவை பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவர் நுகர்வோர்தான் என்று உதாரணமே சொன்னது. அது பொருள் வாங்குவது பற்றியது, சேவைக்கு அது பொருந்தாது என்று எதிர்த்தரப்பு இழுக்கும், அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். வேலைக்கு ஆள் இல்லை, எல்லாம் நானே என்று எனக்கு எழுதினீர்களே, அதே வாக்கியத்தை மனுவின் முதல் பத்தியில் எழுதுங்கள். அப்புறம், மேடவாக்கத்து அக்காவை இரண்டாவது புகார்தாரராகச் சேருங்கள். சேவையின் பயனாளியும் நுகர்வோர் என்று சட்டம் சொல்கிறது, அவர் வீட்டு விசேஷத்துக்காகச் சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர், அவரை வியாபாரி என்று யாரும் சொல்ல முடியாது. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், மனக்கசப்போடு இருப்பவர் கூட வந்து கையெழுத்துப் போட மாட்டார்.

நூறு ரூபாய் நிபந்தனையே அநியாய ஒப்பந்தம் என்று தனியாக வழக்குப் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது, நல்ல பிரிவு. ஆனால் அதை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான், மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. 9,600 ரூபாய்க்காக அந்த அலைச்சல் வேண்டாம் என்பேன். மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு, பொய்யான டெலிவரிப் பதிவு என்ற இரண்டின் மேல் நில்லுங்கள். பார்சல் தொலைந்தது என்று நேர்மையாகச் சொல்லியிருந்தால் பொறுப்பு வரம்பு பற்றிப் பேசலாம், கொடுத்துவிட்டோம் என்று பொய்ப் பதிவு போட்டவர் அந்த வரம்புக்குள் ஒளிந்துகொள்ள முடியாது என்பதே உங்கள் வாதமாக இருக்கட்டும். கையெழுத்து இல்லாத சீட்டும் ஒரே பேனாவில் போட்ட ஷீட்டும் கிடைத்தால் சேலை விலையோடு செலவுத் தொகையும் கேட்கத் தயங்காதீர்கள். கையெழுத்து இருந்து, மதிப்பும் எழுதாமல் இருந்தால், பத்து மடங்குக் கணக்கும், மன உளைச்சலுக்கு ஆணையம் பார்த்துக் கொடுக்கும் ஒரு தொகையும் கிடைத்தாலே அதிகம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அதற்கு மேல் இழுக்கும், அதையும் மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

இனிமேல் அனுப்பும் பார்சல்களுக்கு: மதிப்பை நீங்களே எழுதுங்கள், சீட்டின் இரண்டு பக்கத்தையும் கொரியர் ஆபீஸிலேயே போட்டோ எடுங்கள், விலை அதிகமான பார்சலுக்கு இன்சூரன்ஸ் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு வாங்கி, அதை விலையில் சேர்த்து வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். தபால் துறைக்கு மாறிவிடலாமா என்றால், மாறலாம், பல ஊருக்கு அது நன்றாகவே போகிறது, ஆனால் 2023-ஆம் ஆண்டின் அஞ்சல் அலுவலகச் சட்டம் துறையின் பொறுப்பை விதிகளில் சொன்ன அளவோடு நிறுத்தியிருக்கிறது, அதனால் அங்கேயும் இன்சூரன்ஸ் இல்லாமல் எட்டுச் சேலையை ஒரே கட்டாக அனுப்பாதீர்கள். நோட்டீஸ் எழுதியதும் அனுப்புவதற்கு முன் சீட்டின் இரு பக்கப் படத்தோடு எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.